மயிர்க்காலும் மின்னூசியும்

மின்சாரத்தைக் கொண்டு முடியின் வேரை அழிக்கும் முறை முதன்முதலில் கண்ணைக் காப்பதற்காகவே தோன்றியது. அழகு நிலையங்கள் அதனை எடுத்துக்கொண்டது பின்னர்தான். இன்று நகரந்தோறும் 'நிலையான உரோம நீக்கம்' என்று எழுதிய பலகைகளைக் காண்கிறோம். அவற்றின் முன் ஒரு கணம் தயங்கி நின்று, பிறர் பார்க்குமுன் நடையைக் கட்டும் மாணவியரும் உளர். நிற்கவும் வெட்கம், கேட்கவும் வெட்கம். அவர்கள் கேட்கத் தயங்கும் பொருளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நான் மருத்துவன் அல்லன். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரப் பள்ளிகளில் பல்லாண்டுகள் வரலாறு கற்பித்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். இன்ன சிகிச்சையைச் செய்துகொள்க என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால், இந்த வழியில் முன்பு சென்றவர் யாவர், யார் அவர்களை அனுப்பினார், எங்கே இடறி விழுந்தார்கள் என்று வரலாறு அறிந்தவன் சொல்லலாமன்றோ?

எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் முதிய பெண்களின் இடுப்புச் சாவிக்கொத்தில் ஒரு முள்வாங்கி தொங்கிக்கொண்டிருக்கும். காலில் தைத்த முள்ளை எடுப்பதற்கு மட்டும் அது பயன்பட்டதில்லை. என் பாட்டியார் மாதத்திற்கு ஒருமுறையேனும் என்னை அழைத்து, "கண்ணு, முடி குத்துதுடா; வாசல் வெளிச்சத்துக்கு வந்து எடு" என்பார். இமை மயிர் உட்புறமாக வளைந்து கருவிழியில் உராயும் நோய் அவருக்கு இருந்தது. நான் முள்வாங்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். சில வாரங்களில் அவை மீண்டும் முளைக்கும். புதிதாக முளைக்கும் முடி குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் முன்னிலும் அதிகமாகக் குத்தும். பிடுங்கினால் தீராது, பிடுங்காமலும் இருக்க இயலாது. அந்நாளில் அவ்வேதனைக்கு வீட்டில் இருந்த மருந்து இந்த முள்வாங்கி ஒன்றே.

இத்தகைய வேதனைக்குப் பெருங்காரணமாக இருந்தது டிரக்கோமா என்னும் கண்ணோய். ஈக்களாலும், ஒருவர் முகம் துடைத்த துணியைப் பிறர் பயன்படுத்துவதாலும் பரவும் கிருமி அதனை உண்டாக்குகிறது. பலமுறை வந்து ஆறிய புண்ணால் இமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்க, இமை உள்நோக்கி மடிகிறது; முடி விழியைக் கீறுகிறது; இறுதியில் பார்வை போகிறது. இந்நோய் இனி இந்திய நாட்டின் பொதுச் சுகாதாரச் சிக்கல் அன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில்தான் அறிவித்தது. அச்செய்தியைப் படித்த அன்று பாட்டியாரின் முள்வாங்கியை நினைத்துக்கொண்டேன்.

நம் நாட்டு மருத்துவர் இதனைப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். சுசுருத சம்ஹிதையில் இமை மயிர் நோய்க்கென்று தனி இயலே உண்டு. புருவத்திற்கும் இமை விளிம்பிற்கும் இடையே யவ தானியத்தின் வடிவில் தோலை அறுத்தெடுத்துத் தைக்கும் முறையை அது விளக்குகிறது. அதனாலும் நோய் தணியவில்லையேல், இமையைப் புரட்டி, கேடுற்ற பகுதியை நெருப்பாலோ காரத்தாலோ சுடுக என்கிறது. 'காரம்' என்னும் அச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது நம்மிடம் திரும்பி வரும்.

இனி மின்சாரத்தின் பக்கம் செல்வோம். இத்தாலி நாட்டு வோல்ட்டா தம் மின்கல அடுக்கை 1800ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். அவ்வாண்டே இலண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அதன் இரு கம்பிகளையும் நீரில் அமிழ்த்தி, நீர் இரு வாயுக்களாகப் பிரிவதைக் கண்டனர். 1834ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே இச்செயலுக்கு 'எலெக்ட்ராலிஸிஸ்' என்று பெயர் சூட்டினார். நாம் மின்பகுப்பு என்கிறோம். நீரில் சமையல் உப்பைக் கரைத்து மின்சாரத்தைச் செலுத்தினால் எதிர் மின்வாயில் நீரக வாயுக் குமிழிகள் எழுவதையும், அங்கே எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாவதையும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கண்டிருப்பீர்கள். சிவப்பு லிட்மசைக் காட்டினால் நீலமாகும்; கடுங்காரம் அது.

நம் உடலின் ஈரமும் உப்பு நீர்தானே? அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் கண் மருத்துவராக இருந்த சார்லஸ் மிஷெல் என்பவர் இந்த எளிய உண்மையைப் பயன்படுத்திக்கொண்டார். உள்வளைந்த இமை மயிரின் வேர்க்குழியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதனை மின்கலத்தின் எதிர் முனையோடு இணைத்தார். வேர்க்குழியின் ஈரம் பகுபட்டுக் காரம் உண்டாயிற்று. மயிரை வளர்க்கும் உயிரணுக்களை அக்காரம் அரித்து அழித்தது. முடி மீண்டும் முளைக்கவில்லை. தம் முறையை அவர் 1875ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் வெளியிட்டார். சுசுருதர் வெளியிலிருந்து பூசிய காரத்தை மிஷெல் வேர்க்குழிக்குள்ளேயே, வேண்டிய அளவு மட்டும், மின்சாரத்தால் ஆக்கிக்கொண்டார். ஒருவரை அறிந்து மற்றவர் செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே கருத்து என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஊசி எந்த முனையோடு இணைகிறது என்பதும் முக்கியம். தவறி நேர் முனையோடு இணைத்தால் இரும்பு ஊசி அரிக்கப்பட்டு, அதன் துகள் தோலில் படிந்து பச்சை குத்தியது போன்ற கறை நிலைத்துவிடும். மின்முனைகளைப் பற்றிய பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வருவது, ஒருவர் முகத்தில் வாழ்நாள் முழுதும் நிற்கும் கறையாகவும் ஆகலாம்.

கண் மருத்துவரின் ஊசி நீண்டநாள் கண்ணோடு நின்றுவிடவில்லை. அதே செயின்ட் லூயிஸ் நகரத்துத் தோல் மருத்துவர் வில்லியம் ஹார்டவே சில ஆண்டுகளுக்குள் அதனைப் பெண்களின் முகத்து முடிக்குப் பயன்படுத்தினார். 1886ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹென்றி ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் இதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். விழியைக் குத்திய முடிக்கு நோய் என்னும் பெயர் பொருந்தும். மோவாயில் நின்று யாரையும் குத்தாத முடி எப்படி நோயாயிற்று? அதனைப் பார்த்தவர் கண்ணை அது குத்தியது என்றுதான் சொல்லவேண்டும்.

பார்ப்பவர் கண் இன்றும் மாறிவிடவில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் உத்தரப் பிரதேச மாநிலத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மாணவி 600க்கு 591 மதிப்பெண் பெற்று மாநிலத்தில் முதலிடம் அடைந்தாள். செய்திகளில் அவள் படம் வந்தது. பாராட்ட வந்தவரோடு, அவள் முகத்தில் இருந்த முடியைக் குறித்து எள்ளி நகையாட வந்தவரும் ஆயிரக்கணக்கில் திரண்டனர். தனக்கு மதிப்பெண்களே பெரிது, முகத்து முடி பெரிதன்று என்னும் கருத்தை அப்பெண் செய்தியாளரிடம் அமைதியாகச் சொன்னாள். நான் வாழும் ஊரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும், கல்வி வேண்டும், கணக்குக் காட்டாதவன் ஆகான் என்று எத்தனையோ தகுதிகளை அவை அடுக்குகின்றன. அச்சபை ஆடவர்க்கே, அதிலும் ஒரு சாரார்க்கே உரியது என்பதை மறைக்கவேண்டியதில்லை. அவர்கள்கூட ஒருவன் முகம் எப்படியிருக்கவேண்டும் என்று கேட்டதில்லை.

தமிழ் மண்ணில் முடியை நீக்குவது பற்றிய வரலாறு வேறொரு பாடத்தையும் தருகிறது. காஞ்சி மாநகரை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயிலைக் காணலாம். சமணத் துறவியர் தம் தலைமுடியைத் தம் கையாலேயே பறித்துக்கொள்வதை நோன்பாகக் கொண்டவர்கள். அவ்வலியை அவர்களே விரும்பி ஏற்றார்கள். இதற்கு நேர் எதிரானது கைம்பெண்களின் தலையை மழிக்கும் வழக்கம். சில சமூகங்களில், விளையாட்டு வயதைத் தாண்டாத சிறுமிகளும் நாவிதர் முன் அமர்த்தப்பட்டனர். அவர்கள் விருப்பத்தை எவரும் கேட்டதில்லை. 1886ஆம் ஆண்டில் பிறந்த சுப்பலட்சுமி அம்மையார் இளமையிலேயே கைம்பெண் ஆனார். பெற்றோர் அவர் தலையை மழிக்க மறுத்து, அவரைப் படிக்க வைத்தனர். 1911ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்து, அவர்களை ஆசிரியப் பயிற்சிக்கு ஆயத்தம் செய்தார். 'சகோதரி சுப்பலட்சுமி' என்று நாடு போற்றுபவர் அவரே. துறவியின் தலையிலிருந்து போனதும் முடிதான், கைம்பெண்ணின் தலையிலிருந்து போனதும் முடிதான். யார் சொல்லிப் போயிற்று என்பதில்தான் வேறுபாடு முழுதும் இருக்கிறது. மின்னூசியின் முன் அமரும் பெண்ணிடமும் நாம் முதலில் கேட்கத்தக்க கேள்வி இதுவே என்று எண்ணுகிறேன்.

மஞ்சள் பூசும் வழக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிச் செல்கின்றேன். கஸ்தூரி மஞ்சளும் பயற்றம்மாவும் குப்பைமேனியும் நம் வீட்டுப் பெண்கள் தலைமுறையாக நம்பிப் பயன்படுத்தியவை. மேலாக இருக்கும் பூனைமுடி தேய்த்தலில் உதிரலாம், வேர் அழியாது. மழித்தால் முடி தடித்து முளைக்கும் என்பதும் ஒரு நம்பிக்கை. அது மெய்யன்று என்பதை 1928ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அம்மையார் அளந்து காட்டினார். அவரும் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் என்பது வியப்பு! முடியை ஆராய்ந்த அவரே இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஹவாய்த் தீவில் இருந்து, போரில் மாண்ட வீரர்களின் எலும்புகளை ஆராய்ந்து இன்னார் என அடையாளம் காண உதவினார். வெட்டப்பட்ட முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடித்தது போலத் தோன்றுகிறது, அவ்வளவே.

இனி நான் சொல்லப்போவதே இந்த வரலாற்றின் துயரமான பகுதி. மின்னூசி ஒவ்வொரு முடியாகத்தான் அழிக்கும். அந்தப் பொறுமை பலருக்கு இல்லை. விரைவான வழி ஒன்று கிடைக்காதா என்று உலகம் ஏங்கிக்கொண்டிருந்தபோது, 1895ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அக்கதிர் பட்ட இடத்தில் முடி உதிர்வதைச் சிலர் கண்டனர். அடுத்த ஆண்டே வியன்னா நகரில் லியோபோல்ட் பிராய்ண்ட் என்னும் மருத்துவர் ஒரு சிறுமியின் முதுகிலிருந்த முடி அடர்ந்த மச்சத்திற்கு அக்கதிரைச் செலுத்தினார். முடி உதிர்ந்தது, அதனோடு ஆறாத புண்ணும் வந்தது. அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

1920களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் கெய்சர் என்னும் மருத்துவர் 'ட்ரைகோ' என்னும் எக்ஸ் கதிர்ப் பொறியை அமைத்தார். அது மருத்துவமனையில் நிற்கவில்லை. அமெரிக்க நகரங்களின் அழகு நிலையங்களுக்குச் சென்றது. பெண் ஒருத்தி பொறியின் முன் அமர்வாள். மோவாயைச் சாளரம் போன்ற திறப்பிற்கு நேரே வைப்பாள். சில நிமிடங்களில் பொறி தானே நின்றுவிடும். வலியில்லை, வாசனையில்லை, ஊசியில்லை. சில வாரங்களில் முகம் பளிங்கு போலாகும். எவ்வளவு இனிய வாக்குறுதி! பின்னர்த் தோல் சுருங்கியது, வெண்மையும் கருமையுமாகத் திட்டுகள் படர்ந்தன, புண் வந்தது. இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் பலருக்கு அதே இடத்தில் புற்றுநோய் தோன்றியது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கம் இம்முறையை வன்மையாகக் கண்டித்தது. சிகிச்சை முடிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே கேடு தெரிந்ததால், தன் நோய்க்கு அந்தப் பொறியே காரணம் என்பதைக்கூட உணராமல் மாண்டவர் எத்தனை பேரோ!

மற்றொரு விரைவு வழி, டப்பியில் வந்த நஞ்சு. தாலியம் என்னும் உலோகத்தின் உப்பு உடலிற் சேர்ந்தால் முடி கொட்டும். எலியைக் கொல்லப் பயன்படுத்திய பொருள் அது. அதனைக் களிம்பில் கலந்து 'கோரெம்லு' என்னும் பெயரில் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் விற்றனர். மேலுதட்டு முடி போகும் என்று பூசிய பெண்களுக்குத் தலைமுடி கொட்டியது; கால்கள் மரத்துப்போயின; சிலருக்குப் பார்வை மங்கியது. நட்ட ஈடு கேட்டு வழக்குகள் குவிந்தன; நிறுவனம் திவாலாயிற்று. அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தில் அழகுப் பொருள்கள் இடம்பெறவே இல்லை. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை சேர்க்கப்பட்டதற்கு இத்தகைய துன்பங்களே காரணம். நம் நாட்டிலும் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் அழகுப் பொருள்கள் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தன. கடையில் வாங்கும் களிம்பின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை நாம் படிப்பதில்லை. அந்தப் பொடி எழுத்தை வரவழைக்கச் சிலர் தம் கால்களையும் கண்களையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் இடையில் மின்னூசி தன் வழியே மெல்ல நடந்து வந்தது. 1916ஆம் ஆண்டில் பால் கிரீ என்பவர் ஒரே நேரத்தில் பல ஊசிகளைப் பயன்படுத்தும் கருவியை அமைத்தார். 1924ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஆன்றி போர்டியே, நேர் மின்னோட்டத்திற்கு மாற்றாக உயர் அதிர்வெண் மின்னோட்டத்தால் வேரைச் சூடேற்றி அழித்தார். காரமும் நெருப்பும் என்று சுசுருத சம்ஹிதை சொன்ன இரண்டும் இவ்வாறு மின்சாரத்தின் வழியே மீண்டும் வந்துவிட்டன. 1940களில் ஹிங்கெல், செயின்ட் பியேர் என்னும் இருவர் அவ்விரண்டையும் ஒரே ஊசியில் இணைத்தனர்.

1990களின் நடுவில் லேசர் வந்தது. முடியில் உள்ள கருநிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி வேரைச் சுடுவதே அதன் செயல். ஒரே வீச்சில் பல முடிகளைத் தாக்குவதால் காலம் மிச்சமாகும். ஆனால் அது நிறத்தை நம்பி வேலை செய்வது. நரைத்த முடியை அது காணாது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில், தோலின் நிறமியும் ஒளியை வாங்கிக்கொள்வதால், ஏற்ற அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்காவிடில் தோல் வெந்துபோகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் லேசரை 'நிலையான குறைப்பு' என்ற அளவில்தான் ஒப்புக்கொள்கிறது. 'நிலையான நீக்கம்' என்னும் சொல்லை மின்னூசிக்கே வழங்குகிறது. பலகையில் எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

இந்த ஊசி அழகுப் பொருள் என்னும் நிலையைத் தாண்டி வாழ்க்கைத் தேவையாகிவிடும் மனிதர்களும் உண்டு. திருநங்கையர் ஹார்மோன் மருந்து உட்கொண்டாலும், முன்பே வளர்ந்துவிட்ட தாடி முடி அதனால் மறைந்துவிடாது. மூத்தவர்கள் இளையவர்க்கு முள்வாங்கியைக் கையிற் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கக் கற்பித்தார்கள். தெருவில் இறங்கும்போது முகத்தின் நிழலே அவர்களைக் காட்டிக்கொடுத்து, வசையையும் அடியையும் வரவழைத்திருக்கிறது. அவர்களுக்கென நல வாரியம் ஒன்றை 2008ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாக அமைத்தது தமிழ்நாடு. நாடாளுமன்றம் 2019ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் 15ஆம் பிரிவில், அறுவைச் சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றோடு லேசர் சிகிச்சைக்கும் காப்பீடு வேண்டும் என்று எழுதப்பட்டது. முடி நீக்கம் ஒருவரது மானத்தோடும் உயிரோடும் தொடர்புடையதாகலாம் என்று சட்டமே ஒப்பிய இடம் அது.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். செங்கற்பட்டில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். மோவாயில் கருமையான முடி. வகுப்பில் ஒரு பட்டப்பெயர். ஒரு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. தந்தை வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு, "ஐயா, பணத்தைப் பற்றி ஒன்றுமில்லை, ஊசி போட்டுக்கொள்ளலாமா, கூடாதா? நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார். நான் அவரைத் திண்ணையில் அமர்த்திவிட்டு, அப்பெண்ணிடம், "யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நீ இதைச் செய்துகொள்வாயா, அம்மா?" என்று கேட்டேன். அவள் உடனே விடை கூறவில்லை. எனக்கு அதுவே நல்லதாகப் பட்டது. பட்டப்பெயரைக் குறித்து நான் கல்லூரிக்கு எழுதுவதாகச் சொன்னேன். மாணவரின் உடற்குறியைப் பெயராக வைத்து அழைக்கலாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அது பேராசிரியர்க்கும் பொருந்தும்.

பிறகு அவளுக்கு இரண்டொன்று சொன்னேன். முதலில் மருத்துவரிடம் போ என்றேன். பெண்களுக்கு மோவாயிலும் மார்பிலும் தடித்த முடி வளர்வதற்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள் தோன்றும் நிலை பலரிடத்துக் காரணமாகிறது. சிகாகோ நகரத்து ஸ்டைன், லெவந்தால் என்னும் இருவர் 1935ஆம் ஆண்டில் அதனை விளக்கினர். மாதவிலக்கு முறைதவறுதல், எடை கூடுதல், பிற்காலத்தில் நீரிழிவு ஆகியவை அதனோடு தொடர்புடையவை. குருதியில் உள்ள காரணத்தைக் கவனியாமல் ஊசியால் முடியை மட்டும் அழித்தால், அழித்த முடி போகும். பக்கத்து மயிர்க்காலிலிருந்து புதிய முடி புறப்பட்டு வரும். வரப்பைக் கட்டாமல் நீரை இறைப்பது போன்ற வேலை. முடி இங்கே குற்றவாளியன்று. செய்தி கொண்டுவந்த தூதன்.

ஊசி என்று முடிவு செய்தால், காலக்கணக்கை முன்பே தெரிந்துகொள்ளவேண்டும் என்றேன். ஒவ்வொரு முடிக்கும் வளரும் பருவம், தேயும் பருவம், உறங்கும் பருவம் என மூன்று உண்டு. வளரும் பருவத்தில் உள்ள முடியின் வேரில்தான் ஊசி நன்கு பலிக்கும். இன்று உறங்குவது சில மாதங்களில் விழிக்கும். அப்போது அதற்கு மீண்டும் செல்லவேண்டும். முகத்திற்கு ஓர் ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். 'ஒரே அமர்வில்' என்று ஒருவர் சொன்னால், அவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். ஊசி புதியதா என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும். பிறருக்குக் குத்திய ஊசி மஞ்சட்காமாலைக் கிருமியையும் எய்ட்ஸ் கிருமியையும் கொண்டுவரக்கூடும். மச்சத்தில் முளைத்த முடியை மருத்துவர் பாராமல் தொடலாகாது. சிறு காயமும் தடித்த தழும்பாகும் உடல்வாகு உடையவர் அதனை முன்னரே சொல்லிவிடவேண்டும். நம் பக்கத்து ஊர்களில் லேசர் நிலையங்கள் பெருகிவிட்டன. மின்னூசியை முறையாகப் பயின்றவர் குறைவு. ஆதலால் பேருந்துக் கட்டணமும் கணக்கில் சேரும்.

எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட அப்பெண், கடைசியில் தலை நிமிராமல், "வலிக்குமா, ஐயா?" என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். ஒவ்வொரு முடிக்கும் எறும்பு கடித்தாற்போலச் சுருக்கென்றிருக்கும். மேலுதட்டில் இன்னும் கூடுதலாகத் தெரியும். மரத்துப்போகச் செய்யும் களிம்பை மருத்துவர் எழுதித் தருவார். குத்திய இடம் ஓரிரு நாள் சிவந்து தடித்திருக்கும். சிறு பொருக்குக் கட்டினால் கிள்ளாமல் விடவேண்டும். வெயிலில் நின்றால் கறுத்துப்போகும். தேர்வுக்கு முந்திய வாரத்தில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.